கவுண்டரில் இரண்டு நாற்காலி

அன்பு நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பெரியவனுக்கு வேலை நிரந்தரமான செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இரண்டு வருடமாக அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். உன் முழங்காலுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாமே, அதை விடாமல் செய். போன தடவை மாதிரி வலி குறைந்ததும் நிறுத்திவிடாதே. இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு இது கடைசி வருடப் படிப்பு. ராத்திரி ஒரு மணி வரை அவள் அறையில் விளக்கு எரிகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் 25ஆவது திருமண நாளுக்கு இங்கே வரும்போது தங்கச்சியை அந்த ஜப்பானிய உணவகத்துக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தாய். ஒருவர் "வாழ்நாளில் இப்படிச் சாப்பிட்டதில்லை" என்கிறார், இன்னொருவர் "காசைக் கரியாக்காதே" என்கிறார், யாரை நம்புவது என்றும் கேட்டிருந்தாய். இரண்டு பேரையும் நம்பு. நான் அங்கே இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை பசியோடும் கோபத்தோடும் திரும்பினேன். இரண்டாம் தடவை வீடு வரும் வரை மகளும் நானும் அந்தச் சாப்பாட்டைப் பற்றி மட்டுமே பேசினோம். அதே இடம்தான், சமையலறையும் அதேதான்.

முதல் தடவை போனது அலுவலகத்தில் ஒருவர் ஓய்வுபெற்றதற்காக. ஆறு பேர், வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணி. முன்பதிவு செய்திருந்தும் மேசை தயாராகவில்லை என்று பாரில் நிற்க வைத்தார்கள். நாற்பது நிமிடம். பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. அதற்குள் இரண்டு சுற்று பானம் பில்லில் ஏறிவிட்டது. கடைசியில் கிடைத்த மேசை பாரை ஒட்டிய ஓரத்தில், சமையலறைக்கு வெகு தூரத்தில்.

பெரிய தட்டில் சோற்றின் மேல் மீன் வைத்த சுஷி, அதோடு மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புரா, வறுவல், சூப் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கின. பார்க்க அவ்வளவு அழகு. எல்லோரும் போன் எடுத்தார்கள். அப்புறம் ஓய்வுபெற்றவர் எழுந்து நான்கு வார்த்தை பேசினார், அவருக்குப் பதில் சொல்லி இன்னொருவர் பேசினார். எங்கள் கை தட்டுக்குப் போனபோது சுஷியின் சோறு குளிர்ந்து கட்டியாகிவிட்டிருந்தது. வாயில் போட்டால் மீன் ஒரு பக்கம் போகிறது, சோறு ஒரு பக்கம் போகிறது. டெம்புராவின் மேல்தோல் ஈரம் ஏறித் துவண்டிருந்தது. தப்பு எங்கள் பேச்சில் பாதி என்றால், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டு வந்து கொட்டியதில் பாதி.

இதையெல்லாம் நான் மறந்திருப்பேன். மறக்க முடியாதது வேறு. எங்களோடு வந்த ஒரு பெண்மணி சைவம். உட்கார்ந்ததுமே பரிமாறும் பையனிடம் சொன்னார்: மீன், கறி, முட்டை எதுவும் கூடாது. அவன் தலையாட்டிவிட்டுக் காய்கறி டெம்புராவும், சோயா விழுது கரைத்த மிசோ சூப்பும் கொண்டு வந்தான். சூப்பில் சதுரம் சதுரமாக டோஃபு மிதந்தது, பார்த்தால் சந்தேகமே வராது. அவர் பாதிக் கிண்ணம் குடித்திருப்பார். எனக்கு ஏதோ தோன்ற, அந்தப் பையனைக் கூப்பிட்டு "சூப்பின் அடிச்சாறு, அந்தத் தாஷி, எதில் செய்தது?" என்று கேட்டேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, சாதாரணமாக, "மீனில்தான் சார்" என்றான். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை மெதுவாக மேசையின் நடுவுக்குத் தள்ளி வைத்துவிட்டு, கை துடைக்கக் கொடுத்திருந்த ஈரத் துண்டால் உதட்டைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்கு மேல் அன்றைக்கு அவர் எதையும் தொடவில்லை.

மேலாளர் வந்து மன்னிப்புக் கேட்டார். எல்லோருக்கும் ஒரு இனிப்பு அனுப்பினார். பில்லில் சேவைக் கட்டணம் அப்படியே இருந்தது.

தங்கச்சியும் சைவம் என்பதால் இதை விவரமாக எழுதுகிறேன். தாஷி என்பது ஜப்பானியச் சமையலின் அடித்தளச் சாறு. பொதுவாகக் கொம்பு என்ற கடற்பாசியையும், கட்சுவோபுஷி என்ற காய்ந்த சூரை மீன் சீவலையும் சேர்த்து எடுப்பார்கள். சூப்பில் மட்டும் என்று நினைத்துவிடாதே. டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சாறு, வேகவைத்த காய்கறி, முட்டை ரோல் எல்லாவற்றிலும் அது இருக்கும். தட்டில் கண்ணுக்கு மீன் தெரியாது, ஆனால் ருசியின் வேர் மீனில் இருக்கும். டெம்புரா மாவில் முட்டை சேர்ப்பதும் வழக்கம். அதனால் "சைவம்" என்ற ஒரு சொல் போதாது. தாஷி கூடாது என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இது சைவமாகச் செய்ய முடியாத சமையல் ஒன்றும் இல்லை. ஜப்பானில் பௌத்தத் துறவிகளின் ஷோஜின் சமையல் பல நூறு வருடமாக இருக்கிறது. கொம்பும் காய்ந்த ஷிட்டாகே காளானும் போதும், அருமையான தாஷி வரும். 1908இல் கிகுனே இகேடா என்ற வேதியியல் பேராசிரியர் நாக்கில் தங்கும் ஐந்தாவது சுவையான உமாமியைப் பிரித்துக் காட்டினாரே, அவர் அதை எடுத்தது வெறும் கொம்புச் சாற்றிலிருந்துதான். மீன் சீவலில் அதே சுவையைத் தரும் இன்னொரு பொருளை அவருடைய மாணவர் கொடாமா 1913இல்தான் கண்டுபிடித்தார். அப்படியிருக்க, சைவம் கேட்பவருக்குத் தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் கொம்புத் தாஷி வைக்க இவ்வளவு பெரிய இடத்துக்கு என்ன கஷ்டம்? எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இவ்வளவு நடந்த பிறகும் இரண்டாம் தடவை ஏன் போனேன் என்று கேட்பாய். மகள் பிடிவாதம் பிடித்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி, இரண்டே பேர். கவுண்டரில், சமையல்காரருக்கு நேர் எதிரே உட்கார்ந்தோம். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஒமகாசே என்றோம். "உங்கள் பொறுப்பு" என்று அவரிடமே விட்டுவிடுவதுதான் அது. என்ன வரும் என்று நமக்குத் தெரியாது, ஒவ்வொன்றாக வரும்.

அந்த மனிதருக்கு ஐம்பது வயது இருக்கும். பேச்சே இல்லை. முதல் இரண்டு நிகிரியை, அதாவது கையால் பிடித்த சுஷியை, மகள் எடுத்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு இடது கைப் பழக்கம், உனக்கு நினைவிருக்கும். மூன்றாவதை அவள் முன்னால் வைக்கும்போது சாய்வைத் திருப்பி, அவள் இடது கை போகும் பக்கமாக வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோற்றின் அளவையும் அவளுக்கு மட்டும் கொஞ்சம் குறைத்தார், ஏனென்றால் முந்தையதை அவள் இரண்டு கடியாகச் சாப்பிட்டாள். இது எனக்குப் பட்டது நான்காவது துண்டில். அவளுக்குப் பட்டபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

சோறு வெதுவெதுப்பாக, நம் உடம்புச் சூட்டில் இருந்தது. மேலே மீன் குளிர்ச்சி. வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாக அவிழ்ந்தது. முன்பு சாப்பிட்ட அந்தக் கட்டிச் சோற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சோயா சாஸை அவரே ஒரு தூரிகையால் மீன் மேல் தடவிக் கொடுத்தார், தனியாகத் தொட்டுக்கொள்ளத் தேவையில்லை. வசாபி என்ற காரமான பச்சைக் கிழங்கை, கரடுமுரடான சுறாத் தோல் ஒட்டிய ஒரு சின்னப் பலகையில், அந்தந்த நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். முன்கூட்டியே தேய்த்து வைத்தால் கால் மணி நேரத்தில் மணம் ஓடிவிடும். பல இடங்களில் பச்சை நிறத்தில் உருட்டி வைக்கிறார்களே, அது பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ் கிழங்கும் கடுகும் பச்சைச் சாயமும் சேர்ந்தது. நிஜ வசாபியில் அந்த மூக்கைத் துளைக்கும் காரம் குறைவு, பின்னால் லேசான இனிப்பு வரும். முதல் தடவை மேசையில் எங்களுக்குக் கிடைத்தது எந்த ரகம் என்று இப்போது புரிகிறது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வசாபி!

அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இந்தச் சாப்பாட்டின் ருசியில் பாதி, அது எவ்வளவு சீக்கிரம் வாய்க்குப் போகிறது என்பதில் இருக்கிறது. நிகிரி சுஷி 1820கள் வாக்கில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், பரவிய சாப்பாடு. ஹனயா யோஹெய் என்பவர் பெயரைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். தெருவோரக் கடையில் நின்றபடி, பிடித்த கையிலிருந்து வாங்கி அப்படியே வாயில் போட்டுக்கொண்டு போவார்கள். டெம்புராவும் அப்போது தெருக்கடையில் விற்றதுதான். கைக்கும் வாய்க்கும் நடுவே அரை நிமிடம் மட்டும் இருக்கும்படி உருவான ஒன்றை எடுத்து, தட்டில் அடுக்கி, இருபது நிமிடம் காக்க வைத்து, பாருக்கு அப்பால் உள்ள மேசைக்கு அனுப்பினால் என்ன மிஞ்சும்? புகழ்கிறவர்கள் கவுண்டரில் உட்கார்ந்திருப்பார்கள். திட்டுகிறவர்கள் என்னை மாதிரி ஓர மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். வேண்டுமானால் அவர்களைக் கேட்டுப் பார்.

இதில் எனக்கு அவர்கள் மேல் வருத்தம் உண்டு. எங்கே உட்கார வேண்டும், எந்தக் கிழமை வர வேண்டும், தாஷி என்ற சொல்லைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் சாப்பிட வருகிறவன் வேலையா? ஓர மேசைக்கும் அதே விலைதானே வாங்குகிறார்கள்? மேசைக்கு நான்கு நான்காகச் சுஷி அனுப்பலாம். டெம்புராவைத் தனியாக, சூடாக அனுப்பலாம். பரிமாறுகிற பிள்ளைகளுக்கு ஒரு வாரம் சொல்லிக் கொடுக்கலாம். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பார் பற்றியும் கேட்டிருந்தாய். விஸ்கி பிரியன் நீ, கேட்காமல் இருப்பாயா! அங்கே ஹைபால், அதாவது விஸ்கியில் சோடா கலந்தது, நன்றாகச் செய்கிறார்கள். கண்ணாடி மாதிரித் தெளிந்த பெரிய ஐஸ், நன்றாகக் குளிர்ந்த சோடா, ஒரே ஒரு கலக்கல். சாப்பாட்டோடு அது நன்றாகப் போகும். ஜப்பானில் விஸ்கிக்கு நூறு வருடக் கதை இருக்கிறது. யாமசாகி வடிசாலைக்கு 1923இல் வேலை தொடங்கினார்கள். அங்கே முதலில் பொறுப்பேற்ற தகேட்சுரு ஸ்காட்லாந்துக்கே போய்த் தொழில் கற்று வந்தவர். ஆனால் அலமாரியில் ஜப்பானிய எழுத்து இருப்பதெல்லாம் ஜப்பானிய விஸ்கி என்று எண்ணிவிடாதே. வெளிநாட்டு விஸ்கியை வாங்கிக் கலந்து புட்டியில் அடைத்து விற்றதும் உண்டு. 2021இல்தான் அவர்கள் தயாரிப்பாளர் சங்கம் விதி வகுத்தது: ஜப்பானிலேயே ஊறவைத்து, வடித்து, மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் வைத்திருக்க வேண்டும். பழைய சரக்குக்கு 2024 மார்ச் வரை அவகாசம் கொடுத்தார்கள். அதனால் லேபிளைப் படித்துவிட்டுக் கேள். ஒன்றோடு நிறுத்திக்கொள். இரண்டாவது போனால் மீனின் மெல்லிய ருசி தெரியாது. மருந்து சாப்பிடுகிறாய் என்பதையும் மறக்காதே.

ஆக, போங்கள். ஆனால் வெள்ளி, சனி வேண்டாம். உங்கள் திருமண நாள் வியாழக்கிழமை வருகிறது, அது நல்லதாயிற்று. ஆறு மணிக்குக் கவுண்டரில் இரண்டு நாற்காலி. பிள்ளைகளோடு போகிற விருந்தை மறுநாள் வேறு எங்காவது வைத்துக்கொள்ளலாம்.

தங்கச்சி விஷயத்தை நான் ஏற்கெனவே விசாரித்துவிட்டேன். போன வாரம் நேரில் போய் அந்தச் சமையல்காரரிடமே கேட்டேன். இரண்டு நாள் முன்னால் சொன்னால் கொம்பும் ஷிட்டாகேயும் மட்டும் வைத்துத் தாஷி எடுத்துத் தருவேன் என்றார். வாட்டிய கத்தரிக்காய், ஊறுகாய் போட்ட முள்ளங்கி, ஷிட்டாகே இவற்றைக் கொண்டு நிகிரி பிடிப்பாராம். எண்ணெயும் தனிச் சட்டி. முட்டை கூடாது என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவர் தலைக்கு மேலே ஒட்டி வைக்கச் சொன்னேன். சரி என்றார். அவர் சொன்னால் செய்வார் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அவளிடம் இதையெல்லாம் முன்பே சொல்லிவிடு. தயங்கித் தயங்கிச் சாப்பிடக் கூடாது அவள்.

ஒரே ஒரு கவலைதான். அந்தக் கவுண்டர் நாற்காலிகள் உயரம், முதுகுச் சாய்வு கிடையாது. ஒன்றரை மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார உன் முழங்கால் ஒத்துக்கொள்ளுமா? இடது ஓரத்தில் இரண்டு நாற்காலிக்கு மட்டும் கீழே கால் வைக்கக் கட்டை இருக்கிறது, பார்த்துவிட்டு வந்தேன். நீ தேதியை உறுதி செய்து எழுது. அந்த இரண்டையும் கேட்டுப் பதிவு செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்