எங்கள் பழைய மதிப்பெண்களை எப்படி எடைபோடுகிறீர்கள்? மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேர்க்கைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களை மருத்துவப் படிப்பில் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளில், விண்ணப்பங்களைப் படித்து, யாரை நேர்காணலுக்கு அழைக்கலாம் என்று முடிவு செய்யும் உங்கள் அனைவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நான் 9 ஆண்டுகளாகக் கட்டுப்பாட்டுப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். அவற்றில் கடைசி 6 ஆண்டுகள் செயற்கை சுவாசக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுவதில் கழிந்தன. அடுத்த சேர்க்கைப் பருவத்தில் உங்களில் சிலருடைய மேசைக்கு என் விண்ணப்பமும் வந்து சேரும். அதற்கு முன்பே, வேறொரு தொழிலில் வேரூன்றிய பிறகு மருத்துவத்துக்கு வர முயல்கிற எங்களைப் போன்றோரை உறங்கவிடாத ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். 18 வயதில் நாங்கள் வாங்கிய மதிப்பெண்களையும் அதற்குப் பின் நாங்கள் செய்துகாட்டியவற்றையும் எந்த விகிதத்தில் எடைபோடுகிறீர்கள்?

நான் ஏன் வர விரும்புகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து, எங்கள் கருவி காரணமே இல்லாமல் அலாரம் எழுப்புகிறது என்று புகார் வந்தது. நேரில் சென்று பதிவுகளைப் பார்த்தேன். சுவாசப் பாதையின் அழுத்தம் வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு முறையும் அலாரம் ஒலித்திருந்தது. ஆகவே கருவியில் குறையில்லை, என் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். அப்போது பக்கத்துப் படுக்கையில் அதே அலாரம் ஒலித்தது. பணியிலிருந்த மருத்துவர் குழாய் மடங்கியிருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, மூச்சுக்கிளைகள் இறுகிவிட்டனவா, நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு காரணமாக விலக்கிக்கொண்டே வந்தார். மார்பின் இடப்பக்கம் சரியாக எழும்பவில்லை என்பதைக் கையை வைத்து உணர்ந்து, குழாயின் மீதிருந்த அளவுக்குறியைப் பார்த்து, அதைச் சிறிது வெளியே இழுத்தார். அலாரம் நின்றது. வலப்பக்க மூச்சுக்கிளை இடப்பக்கக் கிளையைவிட அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், அளவுக்கு மேல் உள்ளே இறங்கும் குழாய் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும் என்று பின்னர் எனக்கு விளக்கினார். அந்த அழுத்த வரம்பின் எண்ணை மென்பொருளில் எழுதியவன் நான். அந்த எண் தாண்டப்படும்போது ஒரு மனிதருக்குள் என்னென்ன நடந்துகொண்டிருக்கக்கூடும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று தொடங்கிய ஏக்கம் நான்கு ஆண்டுகளாகியும் குறையவில்லை.

அதன்பின் மாலை வகுப்புகளில் சேர்ந்து உயிரியலும் கரிம வேதியியலும் உயிர்வேதியியலும் உடலியலும் படித்தேன். வார இறுதிகளில் ஒரு வலித்தணிப்புப் பராமரிப்பு இல்லத்தில் தன்னார்வலராக இருக்கிறேன்.

இனி மதிப்பெண் விவகாரத்துக்கு வருகிறேன். பொறியியல் படிப்பின் முதலாண்டில் வெப்ப இயக்கவியலில் தோற்று, அடுத்த ஆண்டு மறுபடியும் எழுதித் தேறினேன். அந்த இரண்டு ஆண்டுகளின் மற்ற மதிப்பெண்களும் பெருமைப்படும்படி இல்லை. அதற்கு நானே பொறுப்பு. சாக்குச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கணக்கை மட்டும் உங்கள் பார்வைக்கு வைக்கிறேன். நான்காண்டுப் பட்டப்படிப்பில் 130 கிரெடிட்டுகளை (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகுகளை) 4.0-க்கு 2.9 என்ற சராசரியில் முடித்த ஒருவர், பல ஆண்டுகள் கழித்து 40 கிரெடிட்டுகள் அளவுக்கு அறிவியல் பாடங்களைப் படித்து, ஒன்றில்கூடக் குறையாமல் முழு 4.0 வாங்கினாலும், அவருடைய மொத்தச் சராசரி ஏறத்தாழ 3.16 என்ற அளவோடு நின்றுவிடும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் பொது விண்ணப்ப முறையில், தோற்ற பாடத்தை மறுபடி படித்துத் தேறினாலும் இரண்டு முயற்சிகளும் சராசரியில் சேர்கின்றன. என் தொழிலில், ஒரு கொதிகலன் இப்போது எப்படி இருக்கிறது என்பதை அறிய, அது நிறுவப்பட்ட நாளிலிருந்து பதிவான எல்லா வெப்பநிலைகளையும் கூட்டி வகுத்துப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்த்தால், நேற்றைய குளிர்ச்சி இன்றைய கொதிப்பை மறைத்துவிடும். அண்மைய அளவீடுகளுக்குக் கூடுதல் எடை தருவதும், மாற்றம் எந்தத் திசையில் போகிறது என்று கவனிப்பதும்தான் வழக்கம்.

உங்களில் பலர் அப்படியே செய்கிறீர்கள் என்பதை நான் அறிவேன். கடைசி இரண்டு, மூன்று ஆண்டுகளின் மதிப்பெண்களைத் தனியாகப் பார்க்கும் குழுக்கள் இருக்கின்றன. மொத்தச் சராசரி ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால், விண்ணப்பத்தை ஒரு மனிதர் திறந்து பார்ப்பதற்கு முன்பே ஒதுக்கிவிடும் கல்லூரிகளும் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வந்து குவியும்போது ஏதோ ஒரு வடிகட்டி தேவைப்படும் என்பதை நான் மறுக்கவில்லை. எந்தக் கல்லூரியில் எந்த முறை நடைமுறையில் இருக்கிறது என்பது விண்ணப்பிக்கிறவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் என் கவலை. முழுமையாகப் பார்க்கிறோம் என்ற ஒரு தொடர் பல சேர்க்கைக் கையேடுகளில் இருக்கிறது. அதை நம்பி, வேலையைக் குறைத்துக்கொண்டு, சேமிப்பைச் செலவிட்டு, குடும்பத்தாரின் பொறுமையையும் கடனாக வாங்கி இரண்டு, மூன்று ஆண்டுகள் படிக்கிற ஒருவர், தன் விண்ணப்பம் தொடக்கத்திலேயே ஒதுக்கப்படும் வகையைச் சேர்ந்தது என்பதைக் கடைசியில்கூட அறிந்துகொள்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு கட்டடப் பொறியாளர் மூன்று பருவங்கள் தொடர்ந்து விண்ணப்பித்தார். மூன்று முறையும் ஒரே வாசகம் கொண்ட மறுப்புக் கடிதமே வந்தது. நான்காவது முறை முயல்வதா, நிறுத்திக்கொள்வதா என்று முடிவெடுக்க அவரிடம் எந்தத் தகவலும் இல்லை. தகுதியில்லை என்ற தீர்ப்பை ஏற்றுக்கொள்ளும் பக்குவம் அவருக்கு இருந்தது. எதில் குறை என்று யாரும் சொல்லாததுதான் அவரை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தது.

பாடங்களுக்கும் தேர்வுகளுக்கும் நீங்கள் வைக்கும் காலவரம்பும் இதே வகையைச் சேர்ந்ததே. அமெரிக்க மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டின் மதிப்பெண்ணைப் பல கல்லூரிகள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே ஏற்கின்றன. பிரிட்டனின் நுழைவுத் தேர்வான யூகேட்டின் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கைச் சுற்றோடு காலாவதியாகிவிடுகிறது. சேர்வதற்கு முன்பே படித்திருக்க வேண்டிய முன்தகுதிப் பாடங்களுக்கும் சில கல்லூரிகள் கால எல்லை வைத்திருக்கின்றன. முழுநேர மாணவர் ஓராண்டில் முடிக்கும் பாடங்களை, பகலெல்லாம் வேலை செய்கிற ஒருவர் பருவத்துக்கு ஒன்றாகத்தான் முடிக்க முடியும். கடைசிப் பாடத்தை முடிக்கும் வேளையில் முதல் பாடம் காலாவதியாகிவிடுமோ என்ற அச்சத்தோடு அவர் படிக்கிறார். பரிந்துரைக் கடிதத்திலும் அப்படித்தான்: எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், 6 ஆண்டுகளாக என் வேலையை நாள்தோறும் பார்த்துவரும் மேலாளரின் கடிதத்தை அதற்கு ஈடாக ஏற்பீர்களா என்பது பல இடங்களில் தெளிவாக இல்லை.

நேர்காணலில் நீங்கள் கேட்கப்போகிற ஒரு கேள்வியை நியாயமானது என்றே கருதுகிறேன்: மருத்துவத்துக்கு உதவ வேண்டும் என்றால் பொறியாளராகவே இருந்து உதவலாமே? ஒரு மின்பொறியாளர், மருத்துவப் பட்டம் ஏதுமில்லாத காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு, சிடி ஸ்கேன் கருவியை உருவாக்கினார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை அதில் படம் பிடிக்கப்பட்டது. 1979-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் இயற்பியலாளர் ஆலன் கார்மக்குக்கும் கிடைத்தது. நான் வாழ்நாள் முழுவதும் மருத்துவராக உழைத்தாலும், அத்தனை பேருக்கு உதவ என்னால் இயலாது. இருந்தும் என் மனம் அந்தப் பக்கம் போகவில்லை. கருவி எல்லோருக்கும் பொதுவாகப் பயன்படுகிறது. அந்த மருத்துவரோ படுக்கையில் கிடந்த ஒருவருக்கு என்ன செய்வது என்று அந்த நிமிடத்தில் முடிவெடுத்து, அதன் விளைவுக்குத் தாமே பொறுப்பேற்றார். எனக்கு வேண்டியது அந்தப் பொறுப்பு. அதைத் தொலைவிலிருந்து வடிவமைத்துக் கொடுக்க முடியாது. அதற்குரிய படிப்பும், பயிற்சியும், தவறினால் பதில் சொல்லும் கடமையும் இல்லாமல் அதை எடுத்துக்கொள்ளவும் கூடாது.

பொறியியலை விட்டதுபோல் இதையும் ஒருநாள் விட்டுவிடுவீர்களா என்றும் கேட்பீர்கள். நான் அதை விட்டுவிட்டு வருவதாக எண்ணவில்லை. என் துறையில் புதிதாகச் சேர்கிற எல்லோருக்கும் தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியைப் பற்றிச் சொல்லிக்கொடுப்போம். 1985-க்கும் 1987-க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தக் கருவி 6 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. முந்தைய மாதிரிகளில் இருந்த வன்பொருள் பாதுகாப்புப் பூட்டுகளை நீக்கிவிட்டு, மென்பொருளை மட்டும் நம்பி அதை வடிவமைத்திருந்தார்கள். என்னை அதிகம் பாதித்தது மென்பொருள் பிழை அன்று. சிகிச்சை முடிந்ததும் ஒரு பெண்மணி, என்னைச் சுட்டுவிட்டீர்கள் என்று சொன்னார்; அப்படி நடக்க வாய்ப்பில்லை என்று பதில் கிடைத்தது. அளவுமானி சொல்வதும் நோயாளி சொல்வதும் முரண்படும்போது நோயாளி சொல்வதைத் தள்ளிவிடக்கூடாது என்பதை, வெள்ளை அங்கி அணிவதற்கு முன்பே, அந்த விபத்துகளின் அறிக்கைகளிலிருந்து கற்றுக்கொண்டேன். இந்தக் கல்வி என் மதிப்பெண் பட்டியலில் எங்கும் இல்லை.

எங்களிடம் குறைகளும் உண்டு, அவற்றை நீங்கள் பார்க்கத்தான் வேண்டும். எந்தப் பழுதுக்கும் ஒரே ஒரு மூலகாரணம் இருக்கும் என்று தேடும் பழக்கம் எங்களுக்கு ஊறிப்போனது. முதியவர் ஒருவருக்கு நான்கு நோய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது அந்தப் பழக்கம் வழிதவறச் செய்யும். சரிசெய்ய முடியாத ஒன்றின் அருகே அமைதியாக இருப்பது எனக்குத் தொடக்கத்தில் மிகக் கடினமாக இருந்தது. வலித்தணிப்பு இல்லத்தில் முதல் சில மாதங்கள் தலையணையைச் சரிசெய்வதும் சன்னலைத் திறப்பதுமாக ஏதாவது செய்துகொண்டே இருந்தேன். ஒரு முதியவர், சும்மா உட்காருங்கள் தம்பி, அது போதும் என்றார். இப்போது உட்கார முடிகிறது. வயதைப் பற்றிய உங்கள் தயக்கத்தையும் நான் புரிந்துகொள்கிறேன்: இடங்கள் மிகக் குறைவு, இளையவர் ஒருவர் எனக்குப் பிறகும் பத்தாண்டுகள் கூடுதலாகச் சேவை செய்வார். அதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை.

ஆனால் எங்களுக்கான வாசலைத் திறந்தவர்களும் உங்களைப் போன்ற குழுக்களில் அமர்ந்திருந்தவர்கள்தாம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-இல் தன் மருத்துவப் பள்ளியில் முதல் மாணவர்களைச் சேர்த்தது. குறிப்பிட்ட அறிவியல் பாடங்களைப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இன்றும் அங்கே இல்லை. ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1996-இல் பட்டதாரிகளுக்கான மருத்துவப் படிப்பைத் தொடங்கியது, பிரிட்டனில் 2000-த்தில் நான்காண்டுப் பட்டதாரிப் படிப்புகள் வந்தன. அமெரிக்காவின் கார்ல் இலினாய் மருத்துவக் கல்லூரி பொறியியலை அடித்தளமாகக் கொண்டே 2018-இல் முதல் வகுப்பைத் தொடங்கியது. இந்தியாவில் நீட் தேர்வுக்கான மேல் வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றையும் முடிவு செய்தவர்கள், பாதை மாறி வருகிறவர்கள் மருத்துவத்துக்கு எதையோ கொண்டு வருவார்கள் என்று நம்பியே செய்திருக்க வேண்டும்.

ஆகவே நான் சலுகை கேட்கவில்லை. உங்கள் அளவுகோலைத் தெரிவியுங்கள் என்று கேட்கிறேன். அடுத்த சேர்க்கைக் கையேட்டில் ஒரேயொரு பத்தி சேருங்கள். மொத்தச் சராசரிக்கு வரம்பு இருந்தால் அது எவ்வளவு, 10 ஆண்டுகளுக்கு முந்தைய மதிப்பெண்கள் எப்படிக் கணக்கில் வருகின்றன, எந்தப் பாடம் எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும், பேராசிரியரின் கடிதத்துக்குப் பதிலாக மேலாளரின் கடிதம் செல்லுமா என்பவற்றை அதில் எழுதுங்கள். மறுக்கப்படுகிறவருக்கு, மதிப்பெண்ணா, தேர்வா, நேர்காணலா எதில் விழுந்தோம் என்று ஒரு வரி அனுப்புங்கள். வரம்பு எனக்கு எதிராகவே இருந்தாலும் சரி. அதை இப்போதே அறிந்தால், உங்கள் கல்லூரிக்கு விண்ணப்பிக்காமல் வேறிடத்துக்கு முயல்வேன், அல்லது இன்னும் ஓராண்டு படித்துவிட்டு வருவேன். என் உடலியல் இறுதித் தேர்வு அடுத்த மாதம் முடிகிறது. அதன்பின் விண்ணப்பத்தை எழுதத் தொடங்குவேன்.

இப்படிக்கு,
உங்கள் மறுமொழியை எதிர்பார்த்திருக்கும்
ஒரு பொறியாளர்