05-06-24 என்றால் எந்த வருஷம்?

கிருஷ்ணகிரி,
07-07-24

மாப்ளை,

வீட்டில் எல்லாரும் நலம்தானே? மேலே போட்டிருக்கும் தேதியை நீ சரியாகத்தான் படித்திருப்பாய். எங்கள் மண்டிக் கம்ப்யூட்டர் அதை 2007 ஜூலை 24 என்று படிக்கும். ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் போனது இதனால்தான்.

மாங்காய் மண்டி ஒன்றுக்குக் கொள்முதல் கணக்கு செய்து கொடுத்தேன் என்று போனில் சொன்னேனே. எடைச்சீட்டில் பையன் 05-06-24 என்று எழுதுவான். நான் அதை அப்படியே டேட்டாபேஸ் டேபிளுக்குள் தள்ளிவிட்டேன். அந்த டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் தேதியை வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில்தான் கேட்கும், தெரியும். தப்பாகக் கொடுத்தால் எரர் காட்டும் என்று நம்பினேன். காட்டவில்லை. வருஷத்துக்கு இரண்டு இலக்கம் போதும் அதற்கு: 00 முதல் 69 வரை 2000-ஐக் கூட்டிக்கொள்ளும், 70 முதல் 99 வரை 1900-ஐ. ஆக 5-ஆம் தேதி லோடு 2005-க்குப் போனது, 13-ஆம் தேதி லோடு 2013-க்கு. எல்லாமே ஜூன் 24! 24-ஆம் தேதி இல்லாத மாதம் ஏது? 2031 பிறந்து, 30 நாளே உள்ள ஜூனில் நாளின் இடத்தில் 31 வந்து நின்றால்தான் முரண்டு பிடித்திருக்கும்.

மாதக் கணக்கு எடுத்தால் 24-06-24 அன்று வந்த லோடு மட்டும் ஒழுங்காக நிற்கிறது. பணம் வாங்க வந்த பர்கூர் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "2005-ல எனக்குத் தோப்பே இல்லீங்களே" என்றார். சிரிக்கவும் முடியவில்லை.

நல்லவேளை, எதுவும் தொலையவில்லை; இடம்தான் மாறியிருந்தது. பேக்கப் எடுத்துவிட்டு, வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கத்தையும் நாளையும் இடம் மாற்றி ஒரே அப்டேட்டில் சரிசெய்தேன். இப்போது எழுத்தைத் தேதியாக மாற்றும் எஸ்டிஆர்-டு-டேட் ஃபங்ஷனிடம் முதலில் வருவது நாள், கடைசியில் வருவது வருஷம் என்று சொல்லித்தான் உள்ளே விடுகிறேன்.

நேரத்திலும் ஒரு வம்பு. சர்வர் யூடிசியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. விடிகாலை 4 மணிக்கு நுழைந்த வண்டிக்கு முந்தின நாள் ராத்திரி 10.30 என்று விழுந்தது. கனெக்‌ஷன் திறந்ததும் டைம்ஜோனை +05:30 என்று வைத்ததில் அது தீர்ந்தது.

உன் தர்மபுரி கடை பில்லில் தேதியை வெறும் எழுத்தாக வார்சாரில் வைத்திருக்கிறாயே, வரிசைப்படுத்திப் பார். 01-07 முன்னாடியும் 30-06 பின்னாடியும் நிற்கும். அடுத்த ஞாயிறு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வா, உட்கார்ந்து பார்க்கலாம். நீலம் மாங்காய் இரண்டு பெட்டி வைக்கோலில் பழுக்க வைத்திருக்கிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டி வா.

உன் பழைய ஹாஸ்டல் ரூம்காரன்