கொசுறும் பற்றாசும்: சேலத்துக் கணினிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்காரர்களே,

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பில் போடுவதற்காக உங்களில் ஒருவரிடம் மடிக்கணினி வாங்கினேன். எல்லா மென்பொருளும் உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம் என்றார். முப்பதாம் நாள், வியாபாரி எதிரில் நிற்க எடையை அடித்துக்கொண்டிருந்தேன். "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது" என்று சிவப்புப் பெட்டி ஒன்று முளைத்து பில்லை மறைத்தது. பணம் கட்டினால் ஆபத்து விலகுமாம்.

கொசுறு கொடுப்பது நல்ல வழக்கம்தான். கணினியிலும் அது காய்கறிக்கார அம்மா போடும் கறிவேப்பிலை போல வாசனையாகத்தான் தொடங்கியது. திருவண்ணாமலையில் வளர்ந்த ஆடம் ஆஸ்பார்ன் 1981இல் தூக்கிச் செல்லும் கணினி ஒன்றை 1,795 டாலருக்கு விற்றார். கூடவே கடிதம் எழுத வேர்ட்ஸ்டார், கணக்குப் போட சூப்பர்கால்க், நிரல் எழுத பேசிக் என்று மென்பொருள்களும் கொடுத்தார். தனித்தனியாக வாங்கினால் அவற்றின் விலையே கணினியின் விலையை நெருங்கும். (2003இல் அவர் கண்மூடியதும் கொடைக்கானலில்தான். நம் பக்கத்து மனிதர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை.)

பின்னால் வந்தவர்கள் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தரத்தைக் கைவிட்டார்கள். 1984இல் வந்த கமடோர் ப்ளஸ்/4 என்ற கணினி நான்கு மென்பொருள்களை உள்ளேயே பதித்து வந்தது. அதன் எழுத்துச் செயலியில் 99 வரிக்கு மேல் ஏறாது. எழுதியதைக் கேசட்டில் சேமிக்கவும் வழியில்லை. டிஸ்க் டிரைவுக்குத் தனியாக அழ வேண்டும்.

அதுவாவது வெறும் சொத்தைக் கத்தரிக்காய். அதற்கப்புறம் காசு போகும் திசையே மாறிவிட்டது. ஆஸ்பார்ன் மென்பொருள்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, வாங்கி நமக்குத் தந்தார். இப்போது சோதனைப் பதிப்புக்காரர், அதாவது சில நாள் மட்டும் இலவசமாக ஓடி அப்புறம் பணம் கேட்கும் மென்பொருளின் சொந்தக்காரர், கணினி நிறுவனத்துக்குக் காசு கொடுத்து உள்ளே ஏறுகிறார். திண்ணையை இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டை எனக்கு விற்றது போல இருக்கிறது. ரீசெட் செய்யுங்கள், போய்விடும் என்றார் கடைக்காரர். செய்தேன். நிறுவனம் வைத்த பிரதியிலிருந்தே எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்தன.

என் தொழிலில் வெள்ளித் துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றாசு கூடினால் கொலுசின் எடை கூடும், வெள்ளியின் தரம் இறங்கும். உருக்கினால் குட்டு வெளிப்படும் என்பதால் வெள்ளியின் சுத்தம் இத்தனை டச் என்று சொல்லித்தான் விற்கிறோம். நீங்களும் எது முழுப் பதிப்பு, எது சோதனைப் பதிப்பு, எது எந்தத் தேதியில் காலாவதியாகும் என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். விண்டோஸைச் சுத்தமாகப் புதிதாய் ஏற்றித் தரக் கூலி கேட்டால் தருகிறேன். செய்கூலி எனக்குப் புதிதல்ல.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரன்