அப்பாவின் நான்கு மெஷின்களையும் திரும்பப் பேச வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன் அறையில், அப்பா வகுப்பு நடத்திய நான்கு கம்பியூட்டர்களும் ஒரே கேபிளில் ஒன்றையொன்று கண்டுகொண்டன. உங்களில் ஒவ்வொருவருக்கும் நான் தனித்தனியாக நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனால் மற்றவர் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. அது தெரிய வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன்.

அப்பா 1994 தொடக்கம் ஏழு வருடம் அந்த அறையில் டைப்பிங்கும் கம்பியூட்டரும் சொல்லிக் கொடுத்தார். இரண்டு 386, ஒரு 486, ஒரு பென்டியம் என்று அந்தக் காலத்து மூன்று தலைமுறை மெஷின்கள். நான்கிலும் என்இ2000 வகை நெட்வர்க் கார்ட். நொவெல் நிறுவனத்தின் வடிவமைப்பைப் பார்த்துப் பல கம்பனிகள் செய்து விற்ற மலிவுக் கார்டுகள் அவை. வகுப்பு நின்ற பிறகு மெஷின்களைப் பெட்ஷீட்டால் மூடி வைத்தோம். அப்பா போன வருடம் தவறினார். அந்தியேட்டி முடிந்த பிறகு அம்மா கேட்ட ஒரே விஷயம் இதுதான்: "அப்பாட பிள்ளையளின்ட பேரெல்லாம் அதுக்குள்ள கிடக்கு. எடுக்கேலாதா?"

ஃப்ளொப்பிகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டினால், அந்தக் காலத்துச் சின்ன டிஸ்க்குகளை அது அடையாளம் காணவில்லை. சரி, அப்பா இணைத்த மாதிரியே திரும்ப இணைப்போம் என்று இறங்கினேன்.

முதல் நன்றி மருதானையில் போர்ட் திருத்தும் அண்ணாவுக்கு. இரண்டு 386 போர்டுகளிலும் பற்றரி கசிந்து, பக்கத்துச் செப்புக் கோடுகளைப் பச்சையாகத் தின்றிருந்தது. வினாகிரியால் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, அறுந்த கோடுகளுக்கு மெல்லிய கம்பி போட்டுத் தந்தீர்கள். கம்பிக்கு மட்டும்தான் காசு வாங்கினீர்கள். மேல் வீட்டுத் தம்பி, ஏ.எல். படிப்புக்கு நடுவிலும் நாலு கார்டுகளின் விளிம்பையும் அழிறப்பரால் தேய்த்துக் கொடுத்தாய். கடல் காற்று அந்தப் செப்புப் பல்லுகளை என்ன பாடு படுத்தியிருந்தது என்று நீ எனக்குக் காட்டியது மறக்காது.

அடுத்தது கேபிள். பழையது வெடித்துப் போயிருந்தது. ஒரு கடையில் பிஎன்சி என்ற வட்ட முனை போட்ட கறுப்புக் கேபிளும், சமிக்ஞை திரும்பி வராமல் நுனியில் போடும் டெர்மினேட்டர் மூடிகளும் வாங்கி வந்தேன். அழகாகப் பொருந்தியது. இரண்டு மெஷின் மட்டும் என்றால் ஒருமாதிரி வேலை செய்யும், மூன்றாவதைச் சேர்த்தால் பாதிப் பதில் வராது. நான் கார்டைக் குறை சொல்லி இரண்டு கிழமை வீணாக்கினேன். அப்போதுதான் நுகேகொடையில் இருக்கும் அமெச்சூர் வானொலி அங்கிள் வந்தார். மெஷின் எதையும் திறக்கவில்லை. மெஷின்களை நிறுத்தச் சொல்லி, கேபிளைக் கார்டில் சேர்க்கும் டி வடிவ முனை ஒன்றை இழுத்து, மல்டிமீற்றரின் ஒரு ஊசியை நடுப் பின்னிலும் மற்றதை வெளி வளையத்திலும் வைத்தார். 37 ஓம் காட்டியது. "இருபத்தஞ்சு வர வேணும்" என்றார்.

அந்த ஒரு எண்ணில் எல்லாம் இருந்தது. இந்த நெட்வர்க்குக்கு இரண்டு நுனியிலும் 50 ஓம் டெர்மினேட்டர் வேண்டும். இரண்டும் சமாந்தரமாக நிற்பதால் நடுவில் அளந்தால் 25 வரும். நான் வாங்கி வந்தது கமராவுக்கும் டிவிக்கும் போடும் 75 ஓம் சாமான். முனை ஒரே மாதிரி இருப்பதால் மாட்டிவிடலாம், ஆனால் சமிக்ஞை திரும்பி அடித்துக் குழம்பும். வானொலிக்காரர்களும் 50 ஓம் கேபிள்தான் பாவிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. தன் அன்டெனாவுக்கு வைத்திருந்த ஆர்ஜி-58 சுருளிலிருந்தே வெட்டி, முனை போட்டு, கிடப்பில் இருந்த இரண்டு டெர்மினேட்டரையும் தந்தார். திரும்ப அளந்தோம். 25. அங்கிள், இந்த மடலைச் சிங்களத்திலும் எழுதிக் கையில் கொண்டு வந்து தருவேன்.

பம்பலப்பிட்டியில், காலி வீதிக் கம்பியூட்டர் கடை நானாவுக்கும் பெரிய கடன்பட்டிருக்கிறேன். இந்தக் கேபிளை இன்றைய லாப்டொப்பில் எங்கே செருகுவது? நீங்கள் மேல் தட்டில் ஏணி வைத்து ஏறி, பல மெஷின்களை ஒன்றாக இணைக்கும் எட்டுத் துளைப் பழைய ஹப் ஒன்றை இறக்கினீர்கள். முன்னால் இன்றைய நெட்வர்க் கேபிளுக்கான ஆர்ஜே45, பின்னால் ஒரு பிஎன்சி. இந்தக் காலத்தில் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததே பெரிய காரியம்.

இனி ஸ்காபரோ அக்கா. அப்பாவிடம் முதல் பட்ச்சில் படித்து, பிறகு இந்த மெஷின்களுக்குக் கார்ட் மாட்டியதும் நீங்கள்தான் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். மூன்று மெஷின் பேசியது, பென்டியம் மட்டும் ஊமை. கார்டை இயக்கும் பெக்கெட் டிரைவர் ஏறுகிறது, கார்டின் ஆறு சோடி முகவரி எண்ணும் திரையில் சரியாக வருகிறது, ஆனால் ஒரு பதிலும் இல்லை. கேட்ட உடனே நீங்கள் சொன்னது: "முகவரி வாசிக்குது எண்டால் 300இல கார்ட் இருக்கு. இன்டரப்ட்தான் போய்ச் சேரேல்ல. பயோஸில கொம் 2ஐப் பாருங்கோ. சேர் அதை மூடித்தான் வச்சிருந்தவர்." 300 என்பது மெஷினுக்குள் கார்டின் இடம், இன்டரப்ட் (ஐஆர்க்யூ) என்பது கார்ட் மெஷினைக் கூப்பிடும் கம்பி, கொம் 2 என்பது வேறு சாதனம் மாட்டும் சீரியல் வாசல். மெஷினின் அடிப்படை அமைப்பை வைத்திருக்கும் பயோஸின் பற்றரி செத்ததில் அப்பா போட்ட அமைப்பெல்லாம் அழிந்து, கொம் 2 திரும்பத் திறந்து, கார்டுக்கு வேண்டிய ஐஆர்க்யூ 3ஐப் பிடித்துக்கொண்டிருந்தது. மூடினேன். "இருக்கிறாயா" என்று கேட்கும் அடுத்த பிங்குக்கே பதில் வந்தது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. இருபது வருடத்துக்கு மேலாகியும் அப்பா எதை மூடி வைத்தார் என்று ஞாபகம் வைத்திருக்கும் ஒரு மாணவி அவருக்கு இருந்திருக்கிறா, அக்கா.

நேரில் தெரியாத சிலருக்கும் சொல்ல வேண்டும். பழைய டொஸ் இயங்குதளத்துக்கு எம்டிசிபி என்ற இலவச நெட்வர்க் மென்பொருளை எழுதிய மைக்கேல் பிரட்மனுக்கும், பழைய கார்டுகளின் டிரைவர்களை ஒன்றாகச் சேர்த்து வைத்த கிரின்வர் தொகுப்புக்காரருக்கும். எம்டிசிபியில் உள்ள, கோப்பு அனுப்பும் எஃப்டிபி சேவரை ஒவ்வொரு மெஷினிலும் ஓட்டி, லாப்டொப்பிலிருந்து ஒவ்வொரு டிரெக்டரியாக இழுத்தேன். நான்கு மெஷினும் சேர்ந்து பகிர்வதே செக்கனுக்குப் பத்து மெகாபிட்தான். அந்தக் காலத்துக் கோப்புகளுக்கு அது தாராளம்.

வந்தவற்றில் கேள்வித்தாள்கள், கோயில் மலருக்கு அப்பா அடித்துக் கொடுத்த பக்கங்கள், அப்புறம் அம்மா கேட்ட மாணவர் பதிவேடு. எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. யுனிகோடுக்கு மாற்றித் தர மேல் வீட்டுத் தம்பியே ஒப்புக்கொண்டிருக்கிறான்.

மெஷின்களை இனி மூடப் போவதில்லை. வருகிற ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள், அம்மா கட்லட் செய்கிறா. நானா, ஹப்பைக் கொண்டு வரச் சொல்லாதீர்கள், அது கேபிளிலேயே இருக்கட்டும். அக்கா, நீங்கள் 1995 மார்ச்சில் எடுத்த டைப்பிங் பரீட்சையின் புள்ளி பதிவேட்டில் இருக்கிறது. பக்கத்தில் அப்பா ஏதோ எழுதியிருக்கிறார். அதை அம்மா உங்களுக்குப் போனில் வாசித்துச் சொல்ல வேண்டும் என்கிறா.

மிக்க நன்றியுடன்,
வெள்ளவத்தை டைப்பிங் சேரின் மகன்