முதல் ரிப்போர்ட் நார்மல் என்றால்?

ஐயா,

போன வருடம் என் மகளுக்குத் தொப்புளைச் சுற்றி வலி. அன்று இரவே ரத்தம் எடுத்தார்கள். வெள்ளையணு 9,800, சிஆர்பியும் (உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) நார்மல். 'வயிற்றில் கேஸ்தான் (வாயு)' என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நடந்தாள். அப்புறம் எடுத்த சிஆர்பி நூறைத் தாண்டியிருந்தது. குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வெடித்திருந்தது.

சிஆர்பி ஏறவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும். உச்சத்தைத் தொட 2 நாள்கூட ஆகலாம். சீக்கிரம் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். சிஆர்பியோடு பிலிருபினும் (மஞ்சள் காமாலையில் கூடும் ரத்த நிறமி) கூடியிருந்தால் குடல்வாலில் ஓட்டை விழுந்திருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். வலியோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களுக்கு, திரும்ப எத்தனை மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதித் தாருங்கள், டாக்டர்களே.

- ஒரு தாய், திருச்சி