அண்ணாச்சி நினைவு ஹாக்கி திடல்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

கோவில்பட்டியில் நம் ஹாக்கி திடலின் வேலை முடிந்துவிட்டது. பணம் கொடுத்தவர்கள், லாரியில் சரள் மண் அனுப்பியவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மண்வெட்டி பிடித்தவர்கள் என்று பலருடைய உழைப்பு இதில் இருக்கிறது. என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்பதை உங்களுக்குச் சொல்லவே இந்த அறிக்கை. வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு பொருளாளரிடம் இருக்கிறது. எந்த உறுப்பினரும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

காலையும் மாலையும் இந்தத் திடலே கதியென்று இருந்த நம் பழைய ஆட்டக்காரர் அண்ணாச்சி மறைந்த பிறகு நடந்த முதல் கூட்டத்தில் சிலை வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அவர் மனைவி ஆச்சியிடமும் பிள்ளைகளிடமும் கேட்டோம். சிலை வேண்டாம், ஆடுகிற தரையைச் சரி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். குழுவில் எல்லோருக்கும் அதுதான் சரி என்று பட்டது. நுழைவாசலில் அவர் பெயரோடு ஒரு கல் மட்டும் பதித்திருக்கிறோம்.

தரைதான் பெரிய வேலை. நம் ஊர்க் கரிசல் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் ஊதும், வெயில் அடித்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே எவ்வளவு செம்மண் போட்டாலும் அடியில் கரிசல் இருக்கிற வரை அடுத்த கோடையில் வெடிப்பு மேலே வந்துவிடும். முந்தைய காலங்களில் வருஷா வருஷம் மண் அடித்தும் திடல் நிற்காததற்குக் காரணம் இதுதான். அதனால் இந்த முறை மேல்பூச்சு வேலையே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். கரிசலை ஆழமாக வெட்டி எடுத்துவிட்டு, சரளைக் கொட்டி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, அது இறுகிய பிறகே அடுத்த அடுக்கைப் போட்டோம். மேலே சலித்த செம்மண். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்து ஓட லேசான சரிவு கொடுத்து, ஓரங்களில் வடிகால் எடுத்திருக்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்பதால் கோடை முழுக்க வேலை ஓடியது. ஐப்பசி மழையில் திடலில் தண்ணீர் தேங்கவில்லை என்பதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறோம்.

அளவு முழு அளவு: நீளம் 91.40 மீட்டர், அகலம் 55 மீட்டர். கோல் கம்பங்களுக்கு இடையே 3.66 மீட்டர் அகலம், உயரம் 2.14 மீட்டர். பழைய கோல் பலகைகளைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. புதிதாக 46 சென்டிமீட்டர் உயரத்தில் மரப்பலகையே போட்டோம். தகரம் போட்டால் செலவு குறையும் என்று ஒருவர் சொன்னார். ஆனால் பந்து பலகையில் மோதும் அந்தச் சத்தத்துக்காகவே அண்ணாச்சி கோலுக்குப் பின்னால் போய் நிற்பார் என்பது பழைய ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். மரம்தான் என்று முடிவாயிற்று.

நம் ஊரில் செயற்கைப் புல் மைதானம் இருக்கும்போது மண் திடல் எதற்கு என்று சில இளைஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்தே பெரிய ஆட்டம் செயற்கைத் தரைக்குப் போய்விட்டது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளை வெறுங்காலோடு ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு ஓடி வருவது தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிற திடலுக்குத்தான். அங்கே பந்தை நிறுத்தக் கற்றுக்கொண்டவன்தான் அப்புறம் புல் மைதானத்துக்குப் போவான்.

இனி அண்ணாச்சியைப் பற்றி. புதிய உறுப்பினர்கள் பலருக்கு அவரை வயதானவராக மட்டுமே தெரியும். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதியவர். விடியற்காலையில் திடல், எட்டு மணிக்கு வீடு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஆபீஸ், சாயங்காலம் மறுபடி திடல். மேட்ச் நாளாக இருந்தாலும் வீட்டுக்கு வேண்டிய மளிகையை வாங்கிப் போட்டுவிட்டுத்தான் வருவார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வெளியூர்ப் போட்டிக்குப் போகாமல் நின்றதும் உண்டு. அணியில் யாரும் அதைக் குறையாகப் பேசியதில்லை. திடலுக்குக் கொண்டு வரும் கடலைமிட்டாயில் வீட்டுக்கு ஒரு பங்கு தனியாகப் பொட்டலம் கட்டியிருப்பார்.

1975 மார்ச் 15-ஆம் தேதி கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நம் ஊரில் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். ஹிந்தி வர்ணனை பாதிப் பேருக்குப் புரியாது. ஆட்டக்காரர்களின் பெயர் வருகிற வரிசையை வைத்தே பந்து எந்தப் பக்கம் போகிறது என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருந்தாராம். அசோக் குமார் அடித்த கோலில் பாகிஸ்தானை 2-1 என்று வென்றோம். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் தமிழ்நாட்டு பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கியபோது தெரு முழுக்கக் கடலைமிட்டாய் கொடுத்தார். அப்புறம் ஒலிம்பிக் பதக்கத்துக்கு 41 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்ட் 5 காலை, ஜெர்மனிக்கு எதிராக 1-3 என்று பின்தங்கி, 5-4 என்று வென்ற ஆட்டத்தைப் பேரன் பேத்திகளுக்கு நடுவே டிவியில் பார்த்தார். கடைசி நொடிகளில் வந்த பெனால்டி கார்னரை நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தபோது, நாற்காலியை விட்டு எழக் கஷ்டப்படுகிற மனிதர் யார் கையும் பிடிக்காமல் எழுந்து நின்றாராம். ஆச்சி இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

அவருடைய இரண்டு மகள்களும் ஹாக்கி ஆடினார்கள். ஊர் முணுமுணுத்த காலம் அது. அவர் யாரோடும் வாக்குவாதம் பண்ணவில்லை. தினமும் மகள்களோடு சேர்ந்து திடலுக்கு நடந்து வந்தார், அவ்வளவுதான். ஆனால் உடை மாற்ற இடமில்லாமல் பக்கத்து வீடுகளில் கேட்க வேண்டியிருந்ததை மூத்த மகள் கூட்டத்தில் சொன்னபோது எங்களுக்குத் தாங்கவில்லை. தரைக்கு அடுத்தபடியாக அதிகம் செலவழித்தது பெண்களுக்கான உடை மாற்றும் அறைக்கும் கழிப்பறைக்கும்தான். அதைப் பற்றி யாருக்கும் கேள்வி இருக்காது என்று நம்புகிறோம். அதற்கு வெளியே, வேப்பமரத்தடியில், பிள்ளைகளைக் கூட்டி வருகிற அம்மாக்களும் தாத்தாக்களும் உட்கார சிமெண்ட் பெஞ்சு கட்டியிருக்கிறோம்.

மின்விளக்கு இந்தக் கட்டத்தில் செய்யவில்லை. கையில் இருந்த பணத்தை மண்ணிலேயே போடுவது என்று தீர்மானித்தோம்.

பராமரிப்புக்கு ஒத்துழைப்பு வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் தெளிக்க வேண்டும், வாரம் ஒரு முறை ரோலர் இழுக்க வேண்டும். மழை பெய்து தரை காய்கிற வரை யாரும் இறங்கக் கூடாது. பைக், டிராக்டர் எந்த நாளிலும் கூடாது. முறை போட்ட பட்டியல் அறை வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. உங்கள் பெயர் அதில் இல்லையென்றால் செயலாளரிடம் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்குகளும் தேவை. பெரியவர்கள் ஆடுகிற ஸ்டிக் சின்னப் பிள்ளைகளின் கைக்கு அடங்காது. 28 முதல் 34 அங்குலம் வரை உள்ளவை வீட்டில் சும்மா கிடந்தால், பழையதானாலும் பரவாயில்லை, சாயங்காலம் திடலுக்கே கொண்டு வந்து கொடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு