பழைய இசைத்தட்டுகளை மறுவெளியீடு செய்வோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கர்நாடக இசைத்தட்டுகளை ரீமாஸ்டர் செய்து வெளியிட்டுள்ள ஒரு தொகுப்பைப் பற்றித் தங்கள் இசை விழாச் சிறப்பிதழில் வந்த மதிப்புரையைப் படித்தேன். கரகரப்பு துளியும் இல்லை, நேற்றுத்தான் பாடிப் பதிவு செய்ததுபோல் ஒலிக்கிறது என்று மதிப்புரையாளர் மனமாரப் பாராட்டியிருந்தார். அதை நம்பித் தொகுப்பை வாங்கிக் கேட்டவன் என்ற முறையிலும், அதில் அடங்கிய பதிவுகள் சிலவற்றின் மூலத் தட்டுகளை என் தகப்பனார் காலத்திலிருந்து வீட்டில் வைத்துக் காப்பாற்றி வருபவன் என்ற முறையிலும் சில செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியிட்டவர் பெயரை இங்கே எழுதவில்லை. இது ஒரு நிறுவனத்தோடு முடிந்துபோகிற குறையாக எனக்குப் படவில்லை.

முதலில் நாகஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம். எங்கள் வீட்டுத் தட்டைச் சுழற்றி, பக்கத்தில் சுருதிப்பெட்டியை வைத்துப் பார்த்தபோது நாயனம் எந்தச் சுருதியில் நின்றதோ அதைவிடத் தொகுப்பில் ஏறத்தாழ அரைக் கட்டை (ஹார்மோனியத்தில் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் அதை ஒட்டிய கறுப்புக் கட்டைக்கும் உள்ள இடைவெளி) உயர்ந்து ஒலிக்கிறது. மூலத் தட்டிலிருந்து நேராக எடுக்காமல், வேகமாக ஓடிய ஏதோ ஒரு கேசட் பிரதியிலிருந்து எடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். அரைக் கட்டைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிலர் கேட்கக்கூடும். நாலு, நாலரை, ஐந்து கட்டை என்று கூவிக்கொண்டிருந்த திமிரி நாயனத்தை விட்டு, இரண்டு, இரண்டரைக் கட்டையில் நின்று பேசும் நீண்ட பாரி நாயனத்தை அரங்கேற்றி நிலைநிறுத்தியவர் ராஜரத்தினம் பிள்ளை. அவர் சுருதியை இறக்கியதுதான் நாகஸ்வர வரலாற்றில் அவருடைய பெரிய காரியங்களில் ஒன்று. அதற்குக் காது சாட்சியாக நம்மிடம் மிஞ்சியிருப்பவை இந்தத் தட்டுகள்தாம். அவர் இறக்கி வைத்ததை எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து ஒரு கணினி மேசையில் யாரோ ஏற்றி வைப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? சுருதி மட்டும் மாறுவதில்லை. வேகமும் கூடுகிறது, ஸ்வரத்தை அசைத்து வாசிக்கிற கமகம் சுருங்குகிறது, நிதானமாக இழைந்து வந்த பிடி அவசரப்பட்டதுபோல் ஆகிவிடுகிறது.

இன்னும் பழைய தட்டுகளில் இந்தச் சிக்கல் பல மடங்கு பெரிது. நிமிடத்துக்கு 78 சுற்று என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், அந்த எண் 1925க்குப் பிறகு மைக் வைத்து மின்முறையில் பதிவு செய்யத் தொடங்கிய காலத்தில்தான் நிலைபெற்றது. அதற்கு முன், பெரிய கூம்புக் குழாயின் வாய்க்குள் முகத்தைக் கொடுத்துப் பாடிய நாள்களில், ஒரு தட்டு நிமிடத்துக்கு 70 சுற்றிலும் இன்னொன்று 80க்கு மேலும் பதிவாகியிருக்கக்கூடும். 74 சுற்றில் பதிவான தட்டை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். மூன்று நிமிடம் பத்து வினாடி பாடிய பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி போன்ற அந்தத் தலைமுறைப் பெண்களின் குரல்கள் கீச்சுக் குரல்களாக நம் காதில் பதிந்துபோனதற்கு அவர்களைக் காட்டிலும் ஓட்டியவர்களே பொறுப்பு என்று நான் பல காலமாக நினைத்து வருகிறேன். தாயியின் தட்டைக் கேட்டு மயங்கித்தான் பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ், குரலுக்கும் பியானோவுக்குமாக ‘ராகமாலிகா’வை எழுதினார். பாரிஸ் வரை போய்ச் சேர்ந்த அந்தக் குரல் என்ன கட்டையில் பாடியது என்பதைச் சொல்ல நம் ஊர் மறுவெளியீடுகளில் ஒரு வரி கிடையாது.

தொகுப்பில் என்னை மிகவும் வருத்தியது வீணை தனம்மாளின் பதிவு. 1938இல் மறைந்த அந்த அம்மையாரின் வாசிப்பு, மூச்சு விட்டால் கலைந்துவிடும் என்று சொல்லும்படியான மெல்லிய வாசிப்பு என்பார்கள். அவர் கடைசிக் காலத்தில் தந்துவிட்டுப் போன சில தட்டுகளில் அது இன்றும் கேட்கிறது. மீட்டு விழுந்ததும் ‘ணங்’ என்று ஒரு கூர்மையான தொடக்கம். பிறகு தந்தியை இழுத்து அடுத்த ஸ்வரத்துக்குப் போகும்போது தேய்ந்துகொண்டே வருகிற கார்வை, அதாவது நீடித்து நிற்கும் ஒலி. தட்டின் கீறலால் வரும் ‘டிக்’ ஒலியும் கணப்பொழுதில் எழுந்து மறைகிற கூர்மைதான். கீறலை அடையாளம் கண்டு நீக்கும்படி கணினிக்குச் சொன்னால், அளவறிந்து நிறுத்தும் காது பக்கத்தில் இல்லாதபோது, மீட்டையும் கீறல் என்று எடுத்துக்கொண்டு மழுக்கிவிடும். இரைச்சலை வடிகட்டுவதிலும் இதே கதைதான். ‘ஸ’, ‘ஷ’, ‘ச’ ஆகிய எழுத்துகளின் காற்றொலியும், தம்பூராவின் ஜீவா என்கிற ரீங்காரமும், மிருதங்கத்தின் சாப்பு என்கிற அடி வெட்டி விழுகிற விளிம்பும் இரைச்சல் இருக்கிற அதே உயர்ந்த அலைவரிசைகளில்தான் இருக்கின்றன. இரைச்சலைத் துடைத்து எடுத்தால் இவையும் கையோடு வந்துவிடும். எஞ்சுவது போர்வைக்குள்ளிருந்து பாடுகிற ஒரு குரல். அது பளிச்சென்று இல்லையே என்று பிறகு எக்கோ சேர்க்கிறார்கள். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து வாசித்த வீணை, கல்யாண மண்டபத்தின் கோடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது.

கோயில் தூண்களைப் பளபளப்பாக்குவதாக மணல் வீச்சுக் குழாயைக் கொண்டுபோய், சிற்பத்தின் மூக்கையும் கல்வெட்டின் எழுத்தையும் சேர்த்துத் தேய்த்த காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். அதை எதிர்த்துக் கல்வெட்டறிஞர்கள் குரல் கொடுத்தார்கள். இசைத்தட்டுக்கு அப்படிக் குரல் கொடுக்கப் பெரும்பாலும் ஆள் இல்லை, ஏனென்றால் மூலத்தைக் கேட்டவர்கள் குறைந்துவிட்டார்கள்.

கரகரப்பு வேண்டும் என்று வாதாட நான் வரவில்லை. அரக்கோடு கல்மாவு கலந்து செய்த தட்டு அது. ஊசி தானே தேய்ந்து பள்ளத்துக்குப் பொருந்த வேண்டும் என்று தெரிந்தே அந்தச் சொரசொரப்பைக் கலவையில் வைத்தார்கள், ஆகவே இரைச்சல் அதன் உடம்பிலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு, ஒரு பக்கம் ஓட்டியதும் ஊசியை மாற்ற வேண்டும் என்ற விதியை எங்கள் வீட்டில் யாரும் மதிக்கவில்லை. நாய் படம் போட்ட தகர டப்பாவில் இருந்த ஊசிகளை என் தகப்பனார் பத்துப் பக்கம், பதினைந்து பக்கம் என்று ஓட்டித்தான் கழித்தார். அந்தச் சிக்கனத்தின் விலை பள்ளங்களின் சுவரில் பதிந்திருக்கிறது. இப்படிப்பட்ட தட்டையும் நன்றாகப் பேசவைக்க முடியும், ஆனால் அந்த வேலையில் பெரும்பகுதி கணினிக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். தட்டை முறையாகக் கழுவ வேண்டும். நடுத்துளை கோணலாக இருந்தால் சரிப்படுத்தி வைக்க வேண்டும். எல்பி தட்டின் ஊசி முனை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், 78 சுற்றுத் தட்டுக்கு அதைப்போல் மூன்று மடங்கு அகலமான முனை வேண்டும். அதிலும் சற்றுப் பெரியது, சற்றுச் சிறியது என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால், பழைய எஃகு ஊசி தேய்க்காமல் விட்ட சுவர்ப்பகுதி ஏதாவது ஒன்றில் அகப்படும். அங்கே குரல் தானாகவே தெளிந்து வருவதை நானே கேட்டிருக்கிறேன். இந்தப் பொறுமைக்கு நேரமில்லாதவர்கள், கிடைத்த ஊசியில் ஒருமுறை ஓட்டிவிட்டு மீதியை மென்பொருளிடம் ஒப்படைக்கிறார்கள்.

தொகுப்பில் வெட்டப்பட்டவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத் தட்டுகளில் பாடி முடித்தவுடன் பாடியவரே தம் பெயரைச் சொல்வதுண்டு. 1902இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தது உலகம் அறிந்தது. இங்கே பதிவானவை அப்போது அச்சாவதற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்குப் போயின. இந்திய மொழி எதுவும் தெரியாத தொழிலாளர்கள் எந்தப் பதிவு யாருடையது என்று குழம்பாமல் லேபிள் ஒட்டுவதற்கு இந்த அறிவிப்பு உதவியது என்பார்கள். நம் பக்கத்துத் தட்டுகளிலும் அப்படிப்பட்ட அறிவிப்புகள் உண்டு. பாட்டு முடிந்ததும் ஒரு கணம் மூச்சு வாங்கிவிட்டு, கூச்சத்தோடும் சற்றே பெருமையோடும் தம் ஊரையும் பெயரையும் சொல்லும் அந்தப் பேச்சுக் குரல், பாட்டைப் போலவே எனக்கு அரிய பொருள். தொகுப்பில் அதைத் தேவையற்ற வால் என்று நறுக்கிவிட்டார்கள். இரண்டு பக்கங்களில் தொடர்கிற ஆலாபனையையும் ஒட்டித் தைத்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். மூன்று, மூன்றே கால் நிமிடத்துக்குள் ஒரு பக்கத்தை எங்கே நிறுத்துவது, அடுத்ததை எங்கே எடுப்பது என்று வித்வான் யோசித்து வைத்த இடம் அந்த ஒட்டில் மறைந்துபோயிற்று.

நான் கேட்பதெல்லாம் ஒரு பதிப்பாசிரியரின் ஒழுங்குதான். உ.வே.சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளை அச்சேற்றியபோது எந்தெந்தப் பிரதிகளைப் பார்த்தார், எங்கே ஏடு சிதைந்திருந்தது, எந்த இடத்தில் பாடம் வேறுபட்டது என்பதையெல்லாம் குறித்து வைத்தார். தமக்குத் தோன்றிய சொல்லைப் போட்டு இடைவெளியை அடைத்துவிட்டு இதுவே மூலம் என்று அவர் சொல்லவில்லை. இசைத்தட்டை மறுவெளியீடு செய்பவரும் ஒரு சுவடியைத்தான் கையில் வைத்திருக்கிறார். தட்டின் எண், லேபிளுக்கும் பள்ளத்துக்கும் இடையிலுள்ள மழமழப்பான வளையத்தில் பொறித்திருக்கும், பதிவை அடையாளம் காட்டும் மேட்ரிக்ஸ் எண், தெரிந்தால் பதிவான ஆண்டும் பக்கவாத்தியக்காரர் பெயரும், எந்த வேகத்தில் ஓட்டி என்ன சுருதி கிடைத்தது, ஒலிமாற்றம் செய்தவர் யார், எதை நீக்கினார், எதைச் சேர்த்தார் என்பவை உறையில் நான்கு வரிகளுக்கு மேல் இடம் பிடிக்காது. மேற்கத்திய செவ்வியல் இசையில் இது புதிதன்று. பாப்லோ காசல்ஸ் 1936 முதல் 1939 வரை பதிவு செய்த பாக்கின் செல்லோ தொகுதிகளை எத்தனையோ நிறுவனங்கள் திரும்பத் திரும்ப வெளியிட்டிருக்கின்றன. அங்கே ரசிகர்கள் வார்ட் மார்ஸ்டன், மார்க் ஓபர்ட்-தார்ன் என்று ஒலிமாற்றம் செய்தவரின் பெயரைப் பார்த்துத் தட்டு வாங்குகிறார்கள். நாக்ஸோஸ் நிறுவனத்தின் பழம்பதிவு வரிசையில் அந்தப் பெயர்கள் முறையாக அச்சாகியிருக்கும். நம் தொகுப்பின் உறையில் வாழ்த்துரை வழங்கிய பிரமுகரின் படம் இருக்கிறது. வேலை செய்த பொறியாளரின் பெயர் இல்லை.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. துடைத்த பிரதியோடு துடைக்காத பிரதியையும் சேர்த்துத் தரலாம். குறுந்தகடு காலத்தில் இடம் போதாது என்று சொல்லியிருக்கலாம். இன்று இணையத்தில் ஏற்றும்போது மூன்று நிமிடப் பாட்டுக்கு இன்னொரு கோப்பு வைப்பதில் என்ன பாரம்? இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள்தான். ஆகவே நம் பழந்தட்டுகளில் பெரும்பாலானவற்றை இன்று யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். அந்த உரிமை வந்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் ஒரே பதிவு பத்துப் பேரிடமிருந்து பத்துச் சுருதியில் வெளிவரும்போது, எதை நம்புவது என்று சங்கீதம் கற்கும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? 1933இல் 27 வயதில் மறைந்த எஸ்.ஜி.கிட்டப்பாவின் ‘எவரனி’யை அந்தப் பிள்ளை தட்டின் வழியாகத்தான் கேட்க முடியும். 1951இல் 32 வயதில் போய்விட்ட என்.சி.வசந்தகோகிலத்தின் ‘தந்தை தாய் இருந்தால்’ பாட்டும் அப்படித்தான். அந்தக் குரலின் உயரம் உண்மையிலேயே அத்தனை உயரமா, அல்லது அரைக் கட்டை நாம் கொடுத்ததா என்பது தெரியாமல் அதைப் பார்த்துப் பாடிப் பழகுகிறவர்கள் தங்கள் தொண்டையைத்தான் கெடுத்துக்கொள்வார்கள்.

தங்கள் மதிப்புரையாளரிடம் எனக்குக் கோபம் ஏதும் இல்லை. அவர் மூலத்தைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அடுத்த முறை இப்படி ஒரு தொகுப்பு வரும்போது, மேற்சொன்ன நான்கு வரிகள் உறையில் இருக்கின்றனவா என்று அவர் பார்த்து எழுதினால் வாங்குபவர்களுக்கு உதவியாக இருக்கும்.

தொகுப்பை வெளியிட்டவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்து, தோடியைத் திரும்ப எடுக்க விரும்பினால், என் தட்டுகளைத் தரத் தயாராக இருக்கிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். ஆனால் கருவியோடு அவர்கள்தாம் கும்பகோணத்துக்கு வர வேண்டும். தட்டுகளைத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பமாட்டேன். முன்பு ஒருமுறை ஒரு நண்பருக்காக வைக்கோல் வைத்துக் கட்டி அனுப்பிய இரண்டு தட்டுகள், போய்ச் சேர்ந்தபோது அப்பளமாக நொறுங்கியிருந்தன.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.